முனிவு என்னும் சொல்: பொருளும் வழக்கும்

1. தோற்றுவாய்

ஒரு சொல்லின் பொருள் பிறழ உணரப்படுமாயின், அச்சொல்வழி நிகழும் ஒழுக்கமும் பிறழும். அதனாலன்றோ திருவாவடுதுறை யாதீனத்து மாதவச் சிவஞான சுவாமிகள், ‘எடுத்து’ என்னும் ஒரு சொல்லின் பொருட்டு வைரக்குப்பாயம் என்னும் பெயரால் ஒரு நூலே இயற்றியருளினார்கள். சுவாமிகள் 1785-ஆம் ஆண்டிற் சிவபரிபூரணம் எய்தினார்கள். அவர்கள் காட்டிய சொல்லாராய்ச்சி நெறியோ இன்றும் தமிழ்ப் புலமைக்கு அரணாய் நிற்கின்றது. அந்நெறி பற்றி எளியேமும் ஒரு சொல்லை ஆராயப் புகுகின்றேம். அச்சொல் முனிவு என்பதாம்.

இதனை ஆராய்தற்குக் காரணம் ஒன்றுண்டு. முறையல்லாதது கண்டவழி உள்ளத்தே எழுங் கிளர்ச்சியை இக்காலத்துப் பத்திரிகை எழுதுவாரும் மேடையிற் பேசுவாரும் ‘அறச்சீற்றம்’ என வழங்குகின்றனர். சீற்றம் என்பது சீறு என்னும் முதனிலையிற் பிறந்தது. பாம்பு முதலியவற்றின் செயலிற் பெரிதும் பயில்வது. அதனை அறத்தொடு புணர்த்துக் கூறுங்கால், அறம் சீறுமோ என்னும் ஐயம் கற்பார்க்கு எழுகின்றது. ஔவையாரது ஆத்திசூடி சினத்தைத் தணியத்தக்க தொன்றாகக் கூறுகின்றது. பாரதியாரது புதிய ஆத்திசூடியோ ரௌத்திரத்தைப் பயிலுமாறு பணிக்கின்றது. இவ்விரண்டும் தம்முள் மாறுகொள்வன என மாணாக்கர் மயங்குகின்றனர்.

மயக்கம் மாணாக்கர் அளவில் நின்றிருப்பின் யாம் இதனை எழுதப் புகேம். சைவநூற் பயிற்சியுடையார் சிலர், சினம் என்பது எவ்வாற்றானும் ஆகாது என்று கூறி, முறைகேட்டால் நொந்து வந்தாரையும் வாயடைத்து விடுகின்றனர். வேறு சிலர், தம் உள்ளத்துப் பகைமைக்கெல்லாம் அறத்தின் பெயரை இட்டுக்கொண்டு பிறரை ஏசித் திரிகின்றனர். முன்னவர் அருளுடையார் போலத் தோன்றி அருளின்மை செய்கின்றனர். பின்னவர் அறமுடையார் போலத் தோன்றி அறமின்மை செய்கின்றனர். இவ்விரு திறத்தாரது இடர்ப்பாடும், வெகுளி, முனிவு என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை உணராமையான் விளைந்தது என்பது எம் கருத்து. அதனை நிறுவுதும்.

2. சொற்பொருள்

தொல்காப்பியனார் உரியியலிற் பொருள் விளங்காத உரிச்சொற்களுக்கே பொருள் கூறுவர். வெளிப்பட வழங்குஞ் சொற்களுக்குப் பொருள் கூறவேண்டா என்பதனை அவ்வியலின் தொடக்கத்தேயே அவர் வரையறுத்தனர். அவ்வியலுள் ‘முனைவு’ என்னுஞ் சொல்லுக்குப் பொருள் கூறப்புக்கவர், அதற்கு ‘முனிவு’ என்பதனையே பொருளாக வைத்தார். இதனால், முனைவு அரிதின் உணரப்படுவதாயும், முனிவு அக்காலத்து மக்கட்கெல்லாம் நன்கு விளங்கிய வெளிப்படு சொல்லாயும் இருந்தன என்பது பெற்றாம். இனி, கறுப்பு, சிவப்பு என்பனவற்றிற்குப் பொருள் கூறுமிடத்து, ஆசிரியர் முனிவு என்னாது ‘வெகுளி’ என்றார். ஆகவே இரண்டும் ஒருங்கே வெளிப்படு சொற்களாய் வழங்கின. முனைவுக்கு ஒன்றும், கறுப்புஞ் சிவப்புமாகியவற்றிற்கு மற்றொன்றும் என ஆசிரியர் வேறுபிரித்து வைத்தார். இவ்வேறுபாடு கருத்தின்றிச் செய்யப்பட்டதன்று என்க.

கறுப்பும் சிவப்பும் நிறப்பெயர்கள். சினத்தான் முகமும் கண்ணும் நிறம் வேறுபடுதல் பற்றி அவை வெகுளிப்பொருள் உணர்த்தின. எனவே வெகுளி என்பது மெய்யின்கண் வெளிப்பட்டுத் தோன்றுவது. முனைவு என்பதோ, சங்கச் செய்யுட்களுள் ‘முனைஇ’ என்னும் எச்சமாய் வருமிடங்களில், ஒன்றனைத் துய்த்துத் தெவிட்டி அதனின் வேறுபட்டு நீங்குதலைக் குறித்து வருகின்றது. எனவே முனிவின் அடிப்பொருள் வெறுப்பு. அஃதாவது ஒன்றனை ஏலாது உள்ளம் அதனின் விலகி நிற்றல்.

புறநானூற்று வழக்கும் இதற்குச் சான்றாம். கணியன் பூங்குன்றனார் 192-ஆம் பாட்டில், வாழ்க்கை இனிதென்று மகிழ்தலும் இல்லேம், அதனை முனிந்து இன்னாதென்று இகழ்தலும் இல்லேம் என்னும் கருத்தமைத்தனர். ஆண்டு முனிவு என்பது வெறுப்பேயாம். வாழ்க்கையொடு ஒருவன் போர்செய்தல் இன்மையின் வெகுளி என்பது ஆண்டைக்கு ஏலாது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி 182-ஆம் பாட்டில், இவ்வுலகம் எவரால் நிலைபெறுகின்றது எனக் கூறுமிடத்து, முனிவில்லாமையை அன்னாரது இயல்புகளுள் ஒன்றாக வைத்தனர். ஆண்டும் பிறரை வெறுத்து ஒதுக்காமை என்பதே பொருள்.

துறந்தாரை முனிவர் என வழங்குதலும் ஈண்டு நினைக்கத்தக்கது. வடமொழியாளர் முனி என்பதனை மோனத்தொடு சார்த்தி உரைப்பர். தமிழ்ச் செவிக்கோ, முனிவர் என்னுஞ் சொல், உலகப் பற்றை முனிந்தவர் என்னும் பொருளையும் உடன் எழுப்பி நிற்கின்றது. ஈது எவ்வாறாயினும், சினத்தைத் துறந்தவருக்கு முனிவர் எனப் பெயர் வழங்குங்கால் தமிழ்மக்கள் அதன்கண் முரண் ஒன்றுங் கண்டிலர். இதுவும், முனிவு என்பது வெறும் சினமாக உணரப்படவில்லை என்பதற்கு ஓர் அறிகுறியாம்.

செய்யுள் வழக்கில் வெகுளி, சினம், முனிவு என்பன ஒன்றற்கொன்று பரியாயமாய் வருதலும் உண்டு; அதனை யாம் மறுக்கிலேம். சொற்கள் வழக்கில் நெருங்கி ஒன்றன் எல்லையுள் ஒன்று புகுதல் இயல்பு. ஆயினும் ஒவ்வொன்றற்கும் வேரூன்றிய நிலம் ஒன்றுண்டு. செற்றம் என்பது நெடிது நின்ற பகைமை. கறுவு என்பது பழிவாங்குதற்குக் காலம் பார்த்திருப்பது. சீற்றம் என்பது வெளிப்பாட்டின் விரைவு. வெகுளி என்பது தாக்குண்ட உள்ளத்தின் எரிவு. முனிவு என்பது தகாததனை உள்ளம் ஏற்க மறுத்தல்.

3. வெகுளியும் முனிவும்

மெய்ப்பாட்டியலிற் கூறப்பட்ட மெய்ப்பாடு 8. அவற்றுள் வெகுளியும் ஒன்று. அது நான்கு நிலைக்களத்திற் பிறக்கும் என ஆசிரியர் வகுத்தார். உறுப்பினைக் குறைத்தல் ஒன்று; குடிக்குக் கேடு சூழ்தல் ஒன்று; அடித்து அலைத்தல் ஒன்று; கொலை ஒன்று. இவற்றுள் கொலை என்பதற்குப் பேராசிரியர், உயிர்க்கொலை என்னும் அளவில் நில்லாது, ஒருவனுடைய அறிவு, புகழ் முதலியவற்றை அழித்துரைத்தல் எனப் பொருள் விரித்தமை பெரிதும் போற்றத்தக்கது. ஒருவன் நற்பெயரைச் சொல்லாற் கெடுத்தல் கொலையோடு ஒக்கும் என்பது அவ்வுரையாற் பெறப்படும். இதனைக் கற்பார் உளங்கொள்க. பின்னர் இதுகொண்டு ஒன்று கூறுவேம்.

இந்நான்கும் பிறரால் இழைக்கப்படுந் தீங்குகளே. ஆகவே வெகுளிக்கும் முறைகேடே வித்து என்பது தோன்றும். அற்றேல், வெகுளிக்கும் முனிவுக்கும் வேற்றுமை யாதோ எனின், கூறுதும். வெகுளி தீங்கு செய்தானை நோக்கிச் செல்வது. முனிவு தீங்கினை நோக்கி நிற்பது. வெகுளி தாக்கப்பட்டான் தான் என்னும் உணர்வொடு பிறப்பது. முனிவு தாக்கப்பட்டது முறை என்னும் உணர்வொடு பிறப்பது. முன்னையது தன்னையும் சுடும். பின்னையது தன்னைக் காக்கும்.

திருவள்ளுவனார் 31-ஆம் அதிகாரமாகிய வெகுளாமையைத் துறவறவியலில் வைத்தார். தன் சினம் செல்லாத வலியாரிடத்து அது தனக்கே தீது என்றும், செல்லும் எளியாரிடத்தோ அதனினும் தீயது பிறிதில்லை என்றும் ஆண்டுக் கூறினார். இப்பகுப்பு நுணுகி நோக்கத்தக்கது. எளியார்மாட்டுச் செல்லும் வலியாரது வெகுளியையே நாயனார் மிகக் கடிந்தார். அவ்வதிகாரத்தை எடுத்துக்கொண்டு வலியார் எளியாரை அடக்கப் புகுவது, வாள் கொண்டு வாட்காயத்திற்கு மருந்திடுவது போலும்.

அந்நாயனாரே 20-ஆம் அதிகாரமாகிய பயனில சொல்லாமையில், பலரும் முனியும்படி பயனற்றன பேசுவான் எல்லாராலும் இகழப்படுவான் என்றார். ஆண்டு முனிதற்றொழில் கேட்போரது, பழியோ பேசினானது. முனிந்தார்மேல் நாயனார் குற்றம் ஒன்றுங் கூறிற்றிலர். வெகுள்வான்மேற் குற்றங் கூறிய நூலே, முனிவார்மேற் குற்றங் கூறாது, முனிவை விளைத்தான்மேற் குற்றங் கூறிற்று என்பது உய்த்துணரத்தக்கது.

இனி, 107-ஆம் அதிகாரமாகிய இரவச்சத்தில், இரந்துதான் சிலர் உயிர்வாழவேண்டும் என்னும் விதி உண்டாயின் உலகைப் படைத்தவனும் அலைந்து கெடுவானாக என்று நாயனார் கூறியது யாவரும் அறிந்ததே. வெகுளாமையை 10 குறட்பாவான் உரைத்தவர் படைப்போனையே வெகுண்டாரோ எனின், அற்றன்று. அவர் தமக்கு வந்த இடர்பற்றி அது கூறிற்றிலர். இரப்பாரது இழிநிலை பற்றிக் கூறினார். ஒருவனைப் பெயர்சுட்டிக் கூறிற்றிலர். அவ்வாறு ஒரு நியதி உண்டாயின் என நிபந்தனைப்படுத்துக் கூறினார். இது வெகுளியன்று, முனிவு. 56-ஆம் அதிகாரத்தில், அல்லலுற்றார் ஆற்றாது அழுத கண்ணீரே கொடுங்கோலன் செல்வத்தைத் தேய்க்கும் படையாம் என்றதும் இதன்பாற்படும். அழுவான் கையிற் படைக்கலம் இல்லை. ஆயினும் அவன் கண்ணீர் படையாகின்றது. அதனை அவ்வாறாக்கியது அறம் என்க.

தமிழில் வழக்குரைத்தலை முறையிடுதல் என்கின்றோம். முறை என்பது நீதி. இடர்ப்பட்டான் தன் இடரை இடுகின்றானல்லன். நீதியை எடுத்து அரசன்முன் இடுகின்றான். ‘முறையோ’ என்னும் ஓலமும் அவ்வாறே. அது ‘என்னை நோவச் செய்தாய்’ எனத் தன்னைக் கூறாது, ‘இது நீதியாமோ’ எனப் பொதுமையை வினாவுகின்றது. முனிவு வாய்திறக்குங்கால் வருஞ் சொல் இதுவேயாம்.

4. இறைவனது முனிவு

இனிச் சித்தாந்த நூல்வழி நின்று நோக்குதும். முதல்வன் பேரருளாளன்; விருப்பு வெறுப்பு இல்லாதவன். அவனுக்குச் சினங் கூறுதல் எவ்வாறு பொருந்தும் என்பது பழைய ஆசங்கை. அருணந்தி சிவாசாரிய சுவாமிகள் சிவஞானசித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தில் இதற்கு விடை அருளினார்கள். இறைவன் செய்யும் நிக்கிரகமும் நேசத்தான் நிகழ்வதே. குற்றத்தை ஒறுத்துத் தீர்த்து, உயிரை அஞ்சுவித்து அறத்தின்கண் நிறுத்துதலே அதன் பயன் என்றார்கள். தம் சொல்வழி வாராத மக்களைத் தாயுந் தந்தையும் உறுக்கி, வளாரினால் அடித்து, கட்டியும் வைப்பர். ஆராயின் அவையெல்லாம் பரிவேயாம் என்று உவமையுங் காட்டினார்கள். இவ்விடத்து இறைவனது சினத்தைக் குறிக்க ஆசிரியர் எடுத்தாண்ட சொல் முனிவு என்பதே. மருத்துவன் சில நோயை அறுத்துங் கீறியுந் தீர்ப்பான், சிலவற்றை மருந்தூட்டித் தீர்ப்பான் என்னும் உவமையையும் அவ்வாசிரியர் பிறிதோரிடத்து வினைதீர்த்தற்குக் கூறினார்கள். மருத்துவன் முனிவது நோயை, பேணுவது நோயாளனை.

சைவர் இவ்விருவகை அருளையும் அறக்கருணை எனவும் மறக்கருணை எனவும் வழங்குவர். மறம் என்பது அடை; கருணை என்பதே பொருள். இதனை அட்டவீரட்டச் செய்திகளிற் காண்க. கண்டியூரிற் பிரமன் தலை கொய்யப்பட்டது. கோவலூரில் அந்தகன் அடக்கப்பட்டான். அதிகையில் முப்புரம் எரிந்தன. பறியலூரில் தக்கன் வேள்வி சிதைந்தது. விற்குடியிற் சலந்தரன் பிளக்கப்பட்டான். வழுவூரில் யானை உரிக்கப்பட்டது. குறுக்கையிற் காமன் எரிந்தான். கடவூரிற் காலன் உதையுண்டான். ஆயினும் இவற்றின் முடிபு யாது? தக்கன் ஆட்டுத்தலை பெற்று உய்ந்தான். காமன் இரதியின் பொருட்டு எழுப்பப்பட்டான். காலன் தன் தொழிலை மீளப் பெற்றான். முப்புரத்தாருள் எஞ்சிய மூவரில் இருவர் திருக்கோயில் வாயில்காவல் பெற்றமையும், ஒருவர் திருக்கூத்துக்கு முழவு முழக்கும் பேறு பெற்றமையும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புன்கூர்த் திருப்பதிகத்திற் கூறியருளினார்கள். திருமூல நாயனாரோ, முப்புரம் என்பது மும்மல காரியம் என உட்பொருள் உரைத்தார்கள். எரிந்தது மலம், எஞ்சியது உயிர். இறைவனது முனிவு உயிரின்மேற் செல்லாது மலத்தின்மேற் செல்வது என்பது இதனான் இனிது விளங்கும்.

5. உயிர்களது முனிவு

முதல்வனுக்கு இது பொருந்தும். மலமுடைய உயிர்க்கு இஃது இயலுமோ எனின், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. மலத்தைச் சார்ந்தவழி அதன் சினம் வெகுளியாய்ச் செற்றமாய் முதிரும். அருளைச் சார்ந்தவழி அதுவே முனிவாய் முறைநாடும். இதற்கு எடுத்துக்காட்டு மூன்று கூறுதும்.

முதலாவது, எறிபத்த நாயனார் வரலாறு. கருவூரிற் சிவகாமியாண்டார் திருப்பூங்கூடையை அரசனது பட்டத்து யானை பற்றிச் சிதறிற்று. முதியராகிய அவர் பின்தொடர இயலாது நிலத்திற் புடைத்து ஓலமிட்டார். எறிபத்தர் யானையையும், அதனை விலக்காத பாகரையும் மழுவால் வீழ்த்தினார். புகழ்ச்சோழர் படையொடு வந்தவர், அடியாரைக் கண்டவுடன், பிழை நிகழாதவழி இவர் இது செய்யார் என்று துணிந்து காரணம் வினாவினார். கேட்டபின், இதற்கு யானையும் பாகரும் பட்டது போதாது, என்னையும் கொல்லுக என்று தம் வாளை நீட்டினார். அதுகண்ட எறிபத்தர், இத்தகையார்க்கு இடர் விளைத்தேனே என்று அவ்வாளால் தம் கழுத்தையே அரியப் புக்கார். ஈண்டு இருவரும் பிழையைத் தம்பாலே தேடினர். வெகுளியுடையான் பிழையைப் பிறர்மாட்டன்றித் தன்மாட்டுத் தேடான். மழுவேந்திய கையே தன்மேலும் வாளெடுக்க முந்தியதனால், அடியாரது உள்ளத்து நின்றது முனிவு என்பது பெற்றாம்.

இரண்டாவது, கண்ணகியார் வரலாறு. முறை பிறழ்ந்த பாண்டியன் அவையில் வழக்குரைத்து வென்ற அப்பெருமகள், மதுரையை எரிக்க ஏவியகாலத்தும், அந்தணர், அறவோர், பசு, கற்புடை மகளிர், முதியோர், குழவிகள் என்பாரை விலக்கித் தீயோரையே சேர்க எனத் தீக்கடவுளைப் பணித்தமை வஞ்சினமாலையிற் கூறப்பட்டது. எல்லை வகுக்கும் சினம் முனிவு, எல்லையறியாதது வெகுளி. பின்னர் வாழ்த்துக்காதையில், தெய்வ வடிவில் தோன்றிய அவர், பாண்டியன் தீதற்றவன் என்றும், தாம் அவன் மகள் என்றும் கூறினர். தான் செய்த பிழைக்கு மன்னவன் உயிர்கொடுத்து முறையை நிறுத்தினமையின், முனிதற்கு ஆண்டுப் பொருள் இல்லையாயிற்று. செற்றமாயின் அஃது இறந்தான்மேலும் தொடர்ந்திருக்கும்.

மூன்றாவது, திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாறு. பல்லவன் ஆணையால் நீற்றறையில் இடப்பட்டும், நஞ்சூட்டப்பட்டும், யானைமுன் விடப்பட்டும், கல்லொடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்டும், சுவாமிகள் மன்னனைச் சபித்திலர். அவன் ஆணைக்கு இணங்கியதும் இலர். யார்க்கும் அடிமையல்லேம் என்னும் உறுதியே அவர் மறுமொழி. பணியாமையும் பகையாமையும் ஒருங்கு நின்ற நிலை இது. பின்னர் அம்மன்னனே சைவனாகித் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் எனப் பெரியபுராணம் கூறும். சுவாமிகள் அவனை வெகுண்டு அழித்திருப்பின் அவனுக்கு அவ்வுய்தி எங்ஙனம் கூடும்?

இனி, ஆண்டவனையே முனிந்த அடியாரும் உளர். சங்கிலியார்க்குச் செய்த சபதம் பிழைத்தமையாற் கண்ணிழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், காஞ்சியில் ஒரு கண் பெற்று, திருவாரூரை அடைந்து, மற்றைக் கண்ணின் பொருட்டுத் தோழமையுரிமையாற் பெருமானை இடித்துரைத்துப் பாடினார்கள். பெருமான் அதனைக் குற்றமாகக் கொள்ளாது கண்ணருளினான். முதல்வன் செவிசாய்த்த முறையீட்டிற்கு மக்கள் செவியடைத்தல் எவ்வாறு தகும்?

6. தடையும் விடையும்

அற்றேல், ஒருவனுக்கு வரும் இன்பதுன்பமெல்லாம் அவனவன் வினைப்பயனே என்பது நம் சித்தாந்தமாகலின், முறைகேடு என ஒன்று உண்டோ? துன்புற்றான் தன் பிராரத்தத்தை நுகர்கின்றான். அதன்கண் முனிதற்கு இடம் யாது எனின்,

இது நூலை ஒருபுடை கற்றார் கூற்று. நுகர்வோன் நுகர்வது பிராரத்தம் என்பது மெய்யே. செய்வோன் செய்வது ஆகாமியம் என்பதும் மெய்யேயன்றோ? வினைப்பயனை ஊட்டுவோன் முதல்வன். அவ்வூட்டுதற்குத் தன்னை முகவனாக நியமித்துக்கொள்ள எவனுக்கும் உரிமையில்லை. ‘அவன் வினை, யான் அடித்தேன்’ என்பான் தன்னை முதல்வனோடு ஒப்பவைத்தவனாவான். அஃது ஆணவத்தின் முதிர்ச்சி. நோயும் வினைப்பயனே, அதுபற்றி மருத்துவன் மருந்திடாது ஒழிகின்றானோ? பசியும் வினைப்பயனே, அதுபற்றி மாகேசுவர பூசை நிறுத்தப்படுகின்றதோ? வினைக்கொள்கை, துன்புறுவான் தன்னைத் தேற்றிக்கொள்ளுதற்கு உரியது. துன்புறுத்துவான் தன்னை மறைத்துக்கொள்ளுதற்கு உரியதன்று. காண்பான் வாளாவிருத்தற்கு உரியதும் அன்று. மருந்தின் குணம் உண்பானைப் பொறுத்து வேறுபடுதல் போல, ஒரு கொள்கையின் பயனும் அதனைக் கூறுவானைப் பொறுத்து வேறுபடும் என்க.

7. எம் பிழை ஒன்று

ஈண்டு எம் வாழ்க்கையின் ஒரு செய்தியைக் கூறாது விடின் இக்கட்டுரை நிரம்பாது. 1985-ஆம் ஆண்டு, யான் இளைஞனாய் ஒரு பாடசாலையிற் கற்பித்துவந்த காலம். குருபூசையின் பொருட்டு மாணாக்கரிடம் தொகுத்த 40 ரூபாய் பேழையிற் காணப்படவில்லை. பேழையின் திறவுகோல் பதினான்கு வயதுடைய ஒரு மாணாக்கனிடம் இருந்தது. யான் அனைவர் முன்னிலையில் அவனைக் கள்வன் என்றேன். அவன் கண் சிவந்து, “ஐயா, கணக்கைப் பாராமலே இவ்வாறு சொல்வது முறையோ?” என்றான். யான், “பெரியோர்முன் சினம் ஆகாது என்று படித்திலையோ? வெகுளாமை அதிகாரத்தைப் பத்துமுறை எழுதிக் கொண்டு வா” என்றேன். அன்றிரவு அவன் 100 குறட்பாவும் எழுதி என் மேசைமேல் வைத்தான். ஓரெழுத்தும் பிழையில்லை, ஓரிடத்தும் அடித்தல் திருத்தல் இல்லை. மறுநாட் காலை அவன் பாடசாலையில் இல்லை.

மூன்று வாரங் கழித்துக் கணக்கை ஒப்புநோக்குகையில், அப்பணத்தை அரிசிக் கடைக்குக் கொடுத்தவன் யானே என்பதும், ஏட்டிற் பதிய மறந்தவனும் யானே என்பதும் தெரிந்தன. அவன் ஊர்க்குச் சென்றேன். பையன் தன் மாமனோடு வெளியூருக்குத் தொழில் பழகச் சென்றிருந்தான். அவன் தந்தையார் என்னைத் திண்ணையில் இருத்தி மோர் கொடுத்தார். யான் செய்தியைக் கூறி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது பொழுது பேசாதிருந்து, “மற்றப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா, ஐயா?” என்று மட்டும் கேட்டார். யான் சொல்லியிருக்கவில்லை.

அவ்வினா என் கல்வி முழுவதையும் ஒரு நொடியிற் சோதித்துவிட்டது. புகழை அழித்துரைத்தலும் கொலை என்னும் பேராசிரியர் உரையை யான் அம்மாணாக்கர்க்குப் பலமுறை பாடஞ் சொல்லியவன். சொல்லிய வாயாலேயே அக்கொலையைச் செய்தேன். திரும்பிவந்து, மறுநாட் காலை வழிபாடு முடிந்ததும் மாணாக்கர் அனைவரையும் நிறுத்தி, பிழை என்னுடையது என்று கூறினேன். ஆயினும் கேட்கவேண்டிய ஒருவன் ஆண்டு இல்லை. அவன் எழுதிவைத்த ஏடு இன்றும் என்னிடம் உள்ளது. வெகுண்ட கை அவ்வாறு எழுதாது. இட்ட பணியைக் குறைவற முடித்து, தகாத இடத்தினின்று விலகிச் சென்றான். அவனிடத்து நின்றது முனிவு. யான் அதனை வெகுளி எனக் கொண்டேன். அன்று வெகுளி என்னிடத்தே இருந்தது. ஒரு சொல்லின் பொருளை உணராமையான் ஒரு மாணாக்கனை இழந்தேன்.

8. முடிபு

இதுகாறும் கூறியவாற்றான், முனிவு என்பதன் இலக்கணம் ஐந்தாகத் தொகுத்துக் கொள்ளப்படும். அது முறை பிறழ்ந்தமையைக் காரணமாக உடையது. தன் நலன் குறைந்தமையை மட்டும் காரணமாகக் கொள்ளாது. அது பிழையின்மேற் செல்வது. பிழைத்தானது கேட்டை விரும்பாது. அஃது எல்லையும் அளவும் உடையது. அது தன் பிழையையும் பிறர் பிழையொடு ஒப்பவைத்து ஆராய்வது. முறை நிறுத்தப்பட்டவழி அஃது எச்சமின்றி ஒழிவது. இவ்வைந்தனுள் ஒன்று குறையினும் அதனை முனிவு எனக் கொள்ளற்க. வெகுளி எனவோ செற்றம் எனவோ கொண்டு விலக்குக. அறச்சீற்றம் என்னும் புதுவழக்கும் இவ்வைந்தும் நிரம்பியவிடத்து மட்டுமே பொருளுடையதாம். ஔவையார் தணிக என்றது வெகுளியை; பாரதியார் பயில்க என்றது முனிவை எனக் கொள்ளின் இரண்டு ஆத்திசூடிக்கும் மாறுபாடின்மை காண்க.

இறுதியாக, மடங்களினும் பாடசாலைகளினும் திருக்கோயில்களினும் பிறரை ஆளும் பொறுப்புடைய அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். இளையார் ஒருவர், பணியாளர் ஒருவர், ஓதுவார் ஒருவர், கண்சிவந்து நும்முன் வந்து ‘முறையோ’ என்பாராயின், முதற்கண் வெகுளாமை அதிகாரத்தை எடுத்தல் வேண்டா. கணக்கேட்டை எடுமின், நிகழ்ந்ததனை ஆராய்மின், பிழை நும்பாலதாயின் அதனை எவர் முன்னிலையிற் பழித்தீரோ அவர் முன்னிலையிலேயே ஒப்புமின். அதன்பின் வெகுளாமையைப் பாடஞ் சொல்லுமின். அப்பொழுது அது செவியிற் புகும்.

சிவம்.